கரண்டு மலையேறின அன்னைக்கு

அதுனாலதான் தேனு சொல்றேன், அந்தக் குங்குமத்த நான் வைக்காம இருந்திருந்தா மத்தியானச் சோத்துக்கே ஊருக்கு வந்து சேந்திருப்பேன். ஒன் மெஷினு என்ன பண்ணுதுன்னு நின்னு பாத்திருக்கவும் மாட்டேன், இன்னைக்கு இப்புடி ஒக்காந்து ஒனக்கு எழுதிக்கிட்டு இருக்கவும் மாட்டேன். எல்லாம் அம்மன் செயல். நீ கேட்டது ஒத்தக் கேள்வி, ஜப்பானுக்குப் போகவா வேணாமான்னு. போன்லயே ஒரு வார்த்தையில சொல்லிரலாம்தான். ஆனா போன்ல நான் ஆரம்பிச்சா நடுவுல சிரிப்பு வரும், அழுக வரும், ஒனக்கு ஒன்னும் வெளங்காது. நீயும் "சரி பெரியம்மா, லேப்ல இருக்கேன்"னு வச்சிருவ. எழுதிட்டா நீ ஓட முடியாதுல்ல. எட்டாவதோட நின்ன எழுத்து, கோணல்மாணலாத்தான் இருக்கும், எழுத்துக்கூட்டிப் படிச்சுக்க. படிச்சுட்டு ஹாஸ்டல்ல மத்த புள்ளைகளுக்கும் சத்தம்போட்டு வாசிச்சுக் காட்டு. அதுக வீட்டுலயும் ஒரு பெரியம்மாவோ ஆத்தாவோ முகூர்த்தத் தேதிய மடியில கட்டிக்கிட்டு ஒக்காந்திருப்பாக. அவுகளுக்கும் சேத்துத்தான் எழுதறேன்.

ஒங்க அம்மாவும் அப்பாவும் மஸ்கட்டுக்குப் போன நாள்லேருந்து நீ என் வீட்டுப் புள்ள. எந்தங்கச்சி பெத்தா, நான் வளத்தேன், அம்புட்டுத்தான் வித்தியாசம். ஒங் கல்யாணத்தப் பத்தி எப்பக் கேட்டாலும் ரெண்டு பேரும் "அக்கா என்ன சொல்லுதோ அதான்"னு சொல்லிட்டு கேசு சிலிண்டர் வெல என்னன்னு கேக்க ஆரம்பிச்சிருவாக. அதுனால எந்தலையிலதான் எல்லாம். குளத்தூர்க்காரக வந்து கேட்டப்ப எனக்கு ஏன் அம்புட்டு சந்தோசம்னு ஒனக்குத் தெரியுமா? பையன் நல்லவன், வீடு நல்ல வீடு, அதெல்லாம் சரி. குளத்தூருன்னா நம்ம குன்றாண்டார்கோவில்லேருந்து ஒரு பஸ்ஸு தூரம். கொழம்பு வச்சா ஆறதுக்குள்ள கொண்டாந்து குடுத்துரலாம். அதான் உண்மையான காரணம். கேட்டதும் வெத்தல பாக்கு மாத்தாத கொறையா தலைய ஆட்டிட்டேன். பூ வைக்க நாளும் பாத்தாச்சு. ஜப்பான்லேருந்து ஒன்னய ஆராய்ச்சிக்குக் கூப்புட்டு எழுதியிருக்காகன்னு நீ போன்ல சொன்னப்ப, ஏதோ பக்கத்து வீட்டுப் புள்ளைக்கு வந்த மாதிரி மெல்லச் சொன்ன. நானும் பக்கத்து வீட்டுப் புள்ளைக்குச் சொல்ற மாதிரி "நல்லது"ன்னுட்டு விட்டுட்டேன். செவ்வாக்கெழம ஒன் காலேஜுக்கு நான் வந்தது ஜாக்கெட்டுக்கு அளவு எடுக்க, அப்புடியே ஒன்னயக் கையோட ஊருக்குக் கூட்டியார. பஸ்ஸுல வரும்போதே என்னென்ன பேசணும்னு மனசுக்குள்ள ஒத்திக பாத்துக்கிட்டே வந்தேன்.

ஒன் லேப்பு வாசல்ல செருப்பக் கழட்டிட்டு உள்ள வரணும்னதும் எனக்கு ஒரு திருப்தி. பரவால்ல, புள்ள நல்ல எடத்துலதான் இருக்குன்னு தோணுச்சு. கூட ஒன் சிநேகிதி மேரி இருந்துச்சு. அது சாப்புட்டீங்களான்னு கேட்டுச்சு, நீ அத விட்டுட்டு ஒரு தாளத் தூக்கிக் காட்டுன. தாளுன்னா புஸ்தகத்துக்கு மேல போடுற கண்ணாடித் தாளு இருக்குல்ல, அதவிட மெலிசு, ஊதினா பறந்துரும். இந்தப் பிளாஸ்டிக்குத் துண்டுக்கா எம்புள்ள நாலு வருஷமா ஊருக்கு வராம கெடக்குன்னு எனக்கு வயித்தெரிச்சலா வந்துச்சு. மூஞ்சியில தெரிஞ்சிருச்சு போல. நீ எங்கையப் புடிச்சு ஒக்கார வச்சு, எங்கொண்டையில இருந்த பூவக் காட்டிச் சொன்ன. ஒரு பக்கம் மல்லி, ஒரு பக்கம் கனகாம்பரம்னு வச்சுக் கட்டின சரம் மாதிரி, இந்தத் தாளுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத சரம் கோடிக்கணக்குல கெடக்காம். கரண்டக் குடுத்தா அத்தன சரமும் திரும்பி, கனகாம்பரத்த எல்லாம் ஒரே பக்கம் காட்டுமாம். அப்புடித் திரும்பி நிக்கிறதுலதான் சார்ஜு சேருதாம். கரண்ட எடுத்தா திரும்பப் பழையபடிக்கு வரணும், அப்பத்தான் சேத்தத வெளிய குடுக்கும். பேட்டரின்னா கம்மா மடை மாதிரி, நின்னு நெதானமாப் பாயும். இது குடத்தக் கவுத்து ஊத்துற மாதிரி, கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள மொத்தத்தையும் கொட்டிரும். நெஞ்சு நின்னு போனவுகளுக்கு ஆஸ்பத்திரியில நெஞ்சுல வச்சு அடிக்கிறாகளே, அந்த மெஷினுக்கெல்லாம் இப்புடிக் கொட்டுற சாமான்தான் வேணுமாம். அதக் கேட்டதும் எனக்கு உள்ளுக்குள்ள என்னமோ ஒன்னு நிமுந்து ஒக்காந்துச்சு. சும்மா பிளாஸ்டிக்கு இல்ல இது.

அந்த மரியாதையிலதான் தேனு அந்த வேலைய நான் செஞ்சேன். நீங்க ரெண்டு பேரும் டீ வாங்கப் போனீக. மேசையில தட்டுல அந்தத் தாளு இருந்துச்சு, மேல தங்கத்துல சின்னச் சின்ன வட்டமா நீ பொட்டு வச்சிருந்த. கரண்டு உள்ள போக அந்தத் தங்கந்தான் வாசல்னு அப்பறமாத்தான் சொன்ன. எனக்கு அது என்ன தெரியும்? தங்கத்துல பொட்டு வைக்கத் தெரிஞ்சவ குங்குமம் வைக்காம விட்டுட்டாளேன்னு தோணுச்சு. முந்தானையில கோயில் குங்குமம் முடிஞ்சு வச்சிருந்தேன். வெரல்ல தொட்டு, ஒரே ஒரு பொட்டு, ஓரமா, பின்பக்கமா, பாக்குறவுக கண்ணுல படாத மாதிரி வச்சுட்டு, "அம்மா தாயே, எம்புள்ள கைவேலைக்கு நீதான் தொண"ன்னு கும்புட்டுட்டு ஒக்காந்துட்டேன். நீ டீயக் குடுத்துட்டு, இடுக்கியால அந்தத் தாள எடுத்து, எண்ணெ ஊத்துன கிண்ணத்துக்குள்ள முக்கி, மேல ஊசிய எறக்கி, கரண்ட ஏத்துன. எண்ணெயப் பாத்ததும் வெளக்கேத்தப் போறன்னு நெனச்சேன். டப்புன்னு ஒரு சத்தம். எண்ணெக்குள்ள மின்னல் மாதிரி ஒன்னு வெட்டுச்சு. குனிஞ்சு பாக்குற, தாளுல ஊசி குத்துன மாதிரி கருப்பா ஒரு ஓட்ட, எண்ணெயெல்லாம் செவப்பாக் கலங்கிக் கெடக்கு.

நீ என்னயத் திரும்பிப் பாத்த. திட்டல. திட்டியிருந்தாலும் மனசு ஆறியிருக்கும். எண்ணெயில எதுவும் கலக்கக் கூடாது, தாளுல ஒரு தூசி ஒட்டக் கூடாது, அதுக்குத்தான் இம்புட்டு சுத்தம்னு மெதுவாச் சொன்ன. மேரிதான் சிரிப்ப அடக்க முடியாம, "விடுங்க பெரியம்மா, அடுத்ததுக்கு எங்க கோயில் தீர்த்தம் கொஞ்சம் தெளிச்சுப் பாப்போம்"னுச்சு. நான் கிண்ணத்தையாச்சும் புளி போட்டு வெளக்கித் தாரேன்னு கையில எடுத்தேன். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல வேணாம்னு பாஞ்சீக பாரு, அப்பத்தான் எனக்கே சிரிப்பு வந்துச்சு. இன்னொரு துண்டு மிச்சம் இருந்துச்சு, நல்ல வேள. ஆனா கிண்ணத்தக் கழுவி, காயவச்சு, புது எண்ணெ ஊத்தணும், நேரமாகும்னுட்ட. மத்தியான பஸ்ஸ விட்டேன். அந்த இன்னொரு துண்டு என்ன ஆச்சுன்னு பாக்காம எனக்குக் காலு நகரல.

காயுற நேரத்துல, நீ புதுசாச் செய்யறதுக்கு முந்தின பழைய மாதிரித் தாளு ஒன்ன வேற கிண்ணத்துல போட்டு எனக்கு ஓட்டிக் காட்டுன. டிவி மாதிரி ஒரு பொட்டி, அதுல ஒரு கோடு. கரண்ட ஏத்த ஏத்த கோடு மேல போச்சு. "ஏறிருச்சு பெரியம்மா, முழுசா ஏறிருச்சு"ன்ன. ஏறிருச்சுன்னா போயிருச்சான்னு கேட்டேன். நீ முழிச்ச. நம்ம ஊர்ல சாமி போறதத்தானடி மலையேறிருச்சும்போம், வெளக்கு அணைஞ்சாக்கூட மலையேறிருச்சும்போம். ஒங்களுக்கு ஏறுச்சுன்னா வந்துச்சுன்னு அர்த்தம், எங்களுக்கு ஏறுச்சுன்னா போச்சுன்னு அர்த்தம். மேரி வயித்தப் புடிச்சுக்கிட்டு சிரிச்சுச்சு. அப்பறம் நீ கரண்டக் கொறச்ச. கோடு வந்த வழியே எறங்கல. வேற வழியா, மேலாகவே சுத்தி, மெத்தனமா வந்துச்சு. கரண்டு சுத்தமா நின்னுபோச்சு, கோடு மட்டும் பாதி ஒசரத்துல நின்னுக்கிட்டு எறங்க மாட்டேங்குது. போன கோட்டுக்கும் வந்த கோட்டுக்கும் நடுவுல வெத்தல மாதிரி ஒரு பெரிய வயிறு. அந்த வயித்துக்குள்ள இருக்குறது பூரா சூடாகி வீணாப்போற நட்டம்னு சொன்ன.

எனக்கு அந்த நிமிஷம் ஒங்க பெரியப்பாதான் கண்ணு முன்னால வந்தாரு. அய்யனாருக்கு மேளம் அடிக்க அடிக்க அவருக்குச் சாமி வரும்ல, மேளம் நின்னதும் ஆட்டம் நிக்கும். ஆனா ஆளு முழுசா திரும்பிருக்க மாட்டாரு. திருநீறு போட்டு, மூஞ்சியில தண்ணி அடிச்சு, பேரச் சொல்லிக் கூப்புட்டாத்தான் மனுஷனா வீட்டுக்கு வருவாரு. அதுக்கப்பறமும் எங்கிட்டோ எழவு வீட்டு மேளம் கேட்டாக்கூட வெரலு தானாத் தாளம் போடும். சாமி முழுசா மலையேறல, அதான் இந்தத் தாளுக்கும் நோயின்னேன். நீ யோசிச்சுட்டு, "பாதி சரி பெரியம்மா"ன்ன. நோயில்லையாம். அப்புடிக் கொஞ்சம் உள்ள நிக்கிறதுதான் வேற வேலைக்கு ஆகுமாம், அழுத்துனா, தட்டுனா, சத்தம் போட்டா கண்டுபுடிச்சு சொல்ற சாமானுக்கெல்லாம் அந்த நிக்கிற சாமிதான் மொதலாம். தண்ணி அடிக்கிற மாதிரி, எதிர்ப்பக்கமாக் கரண்டக் குடுத்து அந்த மிச்சத்த எடுக்கவும் செய்யலாமாம். ஆனா குடத்தக் கவுக்குற வேலைக்கு வந்தது அம்புட்டும் போயிரணும், ஒட்டிக்கிட்டு நிக்கக் கூடாது. பெரியப்பாவுக்கு ஒரு வேல, ஒன் தாளுக்கு வேற வேலன்னு புரிஞ்சுக்கிட்டேன்.

அந்த ஒட்டிக்கிட்டு நிக்கிறதுக்கு என்ன மருந்து போட்டன்னு கேட்டதுக்கு நீ மறுபடியும் பூச்சரத்துக்கு வந்த. சரத்துல எல்லாப் பூவும் ஒரே அளவா நெருக்கிக் கட்டியிருக்குறதாலதான் ஒன்னு திரும்புனா எல்லாம் சேந்து திரும்பி, சேந்தே வீம்பு புடிச்சு நிக்குது. நீ என்ன பண்ணுன, நடுநடுவுல ஒரு செவ்வந்தியச் சொருகிட்ட. அது குண்டு, நெருங்க விடாது. இப்ப ஒரு பெரிய கூட்டமா நிக்காம, நாலு பூவு அஞ்சு பூவா சின்னச் சின்னக் கூட்டமாப் பிரிஞ்சிருச்சு. கரண்டக் குடுத்தா திரும்பும், விட்டா வீம்பில்லாம வந்துரும். இதச் சொல்லும்போது ஒன் கண்ணப் பாத்தேன் தேனு. பத்தாவது ரிசல்ட்டு வந்த அன்னைக்குக்கூட நீ அப்புடி இல்ல.

அப்பறம் அந்த இன்னொரு துண்டப் போட்ட. நான் கையிரண்டையும் முந்தானைக்குள்ள சுருட்டி வச்சுக்கிட்டேன், தப்பித்தவறி எதையும் தொட்டுறக் கூடாதுன்னு. கோடு ஏறுச்சு. நீ மூச்சு விடல, மேரி மூச்சு விடல, நான் மூச்சு விட்டா அதுக்கும் ஏதாச்சும் ஆயிருமோன்னு நானும் விடல. உச்சிக்குப் போயி, திரும்பி எறங்குச்சு. போன கோட்ட ஒட்டியே எறங்குச்சு தாயி, பக்கத்துலயே, உரசுற மாதிரி. வயிறே இல்ல. வெத்தல போயி, மெலிசா, நீட்டமா, கொஞ்சமா வளஞ்சு, அப்புடியே வேப்பெல. டிவிக்குள்ள வேப்பெலையப் பாத்ததும் எனக்கு ஒடம்பெல்லாம் புல்லரிச்சுப் போயி கையெடுத்துக் கும்புட்டுட்டேன். குங்குமம் வச்சதுக்கு ஆத்தா கோவிச்சுக்கிட்டாளோன்னு நான் பயந்து கெடக்கேன், அவ என்னன்னா எலையா வந்து நிக்கிறா. நீ மறுபடி ஏத்துன, மறுபடி எறக்குன, மறுபடியும் அதே எலை. குடுத்ததுல பெரும்பங்கு திரும்பி வந்திருச்சு, இவ்வளவு பெரிய கரண்டுலயும் ஓட்ட விழலன்னு சொல்லிட்டு மேரியக் கட்டிப்புடிச்ச. ஒனக்குச் சொல்லிக்குடுக்குற மேடம் ஓடியாந்து பாத்துட்டு கண்ணாடியக் கழட்டித் தொடச்சாக. அந்நேரம் பாத்து எம்போனு அடிக்கிது, குளத்தூர்க்காரம்மா. நான் இருந்த இருப்புல, "சித்த இருங்கம்மா, இங்க இப்பத்தான் முழுசா மலையேறிருக்கு, அப்பறம் பேசுறேன்"னு வச்சுட்டேன். அவுக அங்கிட்டு என்ன நெனச்சு அலறுனாகளோ.

அதுக்கப்பறம்தான் நீ தண்ணி குடிக்கிற எடத்துல வச்சு, தரையப் பாத்துக்கிட்டே அந்தக் கேள்வியக் கேட்ட. நான் எழுதறேன்னு மட்டும் சொன்னேன். ஜாக்கெட்டு அளவு எடுக்கவே இல்ல, கவனிச்சியா? நீ அதே தாளத் திரும்பத் திரும்பப் பாக்கணும்னு உள்ள போயிட்ட. மேடம்தான் என்னய ஸ்கூட்டர்ல ஏத்தி பஸ்டாண்டுக்குக் கொண்டாந்தாக. அந்த ஸ்கூட்டர்ல நான் பட்டபாட்ட ஊருக்கு வர்றப்ப சொல்றேன்.

வியாழக்கெழம குளத்தூர்க்காரக வீட்டுக்கு வந்தாக. அந்தம்மா வந்ததும் வராததுமா, பொண்ணுக்குச் சாமி வருமா, மொதல்லயே சொல்ல வேணாமான்னு கேட்டாக. சாமி அதுக்கு வராதுங்க, அது செஞ்ச தாளுக்குத்தான் வந்துச்சுன்னேன். அவுக வீட்டுக்காரர ஒரு பார்வ பாத்தாக, இவுகளுக்கே என்னமோ ஆயிருச்சுபோலன்னு. காப்பியக் குடுத்துட்டு நான் ஜப்பான் சமாச்சாரத்தச் சொன்னேன். ரெண்டு வருஷம். அதுக்கு அந்தம்மா, படிச்சவரைக்கும் போதும்ங்க, கல்யாணத்துக்கு அப்பறம் கீரனூருப் பக்கம் ஏதாச்சும் ஸ்கூல்ல டீச்சராச் சேத்துவிட்டுரலாம், வீட்டுக்கு வெளக்காட்டம் இருக்கும்னாக. நல்ல மனசோடதான் சொன்னாக, அவுக மேல குத்தம் இல்ல. போன வாரமா இருந்தா நானே அதத்தான் சொல்லியிருப்பேன். ஆனா எங்கண்ணுக்குள்ள அந்த வெத்தல வயிறு வந்து நிக்கிது. ஏத்துனது பூரா உள்ளயே நின்னு, சூடாகி, ஒருத்தருக்கும் பிரயோசனம் இல்லாம.

"எம்புள்ளைக்கு உள்ள ஏத்துனது நெறையா இருக்குங்க. அத வெளிய குடுக்க விடணும். அடச்சு வச்சா புழுங்கித்தான் போவா."

அந்தம்மா ஒங்க பெரியப்பாவத் திரும்பிப் பாத்தாக, நீங்களாச்சும் சொல்லுங்கன்னு. அந்த மனுஷன் வருஷத்துக்கு நாலு வார்த்த பேசுறவரு, துண்ட ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டு சொன்னாரு:

"மேளம் அடிச்சாச்சும்மா. இனிமேப் போயி சாமிய ஒக்காருன்னா ஒக்காருமா?"

அவுக வருத்தமாத்தான் போனாக. பாதிக் காப்பி டம்ளர்லயே இருந்துச்சு. பையன் இன்னும் நல்ல எடமாப் பாத்து நல்லா இருக்கட்டும், அவனுக்கும் சேத்து வெள்ளிக்கெழம அர்ச்சன பண்ணிட்டேன். ராத்திரி மஸ்கட்டுக்குப் போனப் போட்டு சொன்னேன். ஒங்க அம்மா எத்தன வருஷம்னு மட்டும் ரெண்டு தடவ கேட்டுச்சு. அப்பறம், "நீ சொன்னாச் சரிதான்க்கா"ன்னுச்சு. ஒங்க அப்பா அங்க எம்புட்டு குளிரும்னு கேட்டாரு. அவருக்கு இப்பவே சொட்டர் கவல.

அதுனால கேட்டுக்க, போ. தாராளமாப் போ. அங்கிட்டுப் போயி யாராச்சும் ஒன்னய மட்டமாப் பேசுனா அத உள்ள புடிச்சு வச்சுக்கிட்டு நிக்காத, அன்னன்னைக்கே எறக்கிட்டு தூங்கு, எனக்குப் போனு பண்ணிக்கூட எறக்கு. நெருக்கமா ஒரே கூட்டத்தோட ஒட்டிக்கிட்டும் இருக்காத. சரத்துல செவ்வந்தி மாதிரி, வேற ஊரு, வேற பாஷ பேசுற புள்ளைகளும் நடுவுல இருக்கட்டும், அப்பத்தான் மனசு லேசாத் திரும்பும். சோறும் மீனும் அங்கயும் கெடைக்குமாம், விரத நாளுக்கு மட்டும் பாத்து நடந்துக்க. செருப்பக் கழட்டிட்டுத்தான் அங்கயும் வீட்டுக்குள்ள போவாகளாம், மேரி சொல்லுச்சு, அதுல எனக்கு ஒரு நிம்மதி. குளத்தூரு மாதிரி கொழம்பு ஆறதுக்குள்ள வர முடியாதுதான். நீ பிளேன் ஏறுனப்பறம் இந்த வீடு கொஞ்ச நாளைக்கு என்னமோ மாதிரித்தான் இருக்கும், இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா நீ போனாலும் ஒங்கிட்டேருந்து கொஞ்சம் எங்கிட்ட நிக்கும்ல. அது முழுசா எறங்க வேணாம். அது நட்டக்கணக்குல சேராது.

இதப் படிச்ச கையோட அந்த ஜப்பான்காரகளுக்கு வாரேன்னு எழுதிப் போடு. எழுதிப் போடுன்னு எழுதும்போதுதான் ஆத்தா இப்ப ஞாபகம் வருது. பஸ்டாண்டுல எம்பஸ்ஸு நகரப்போகுது, ஹாரன் சத்தம், மேடம் ஜன்னலுகிட்ட வந்து, ஒங்கிட்ட ஒன்னு சொல்லச் சொன்னாக. எனக்கு அப்ப வெளங்கல, தலைய மட்டும் ஆட்டிட்டு வந்துட்டேன். வீட்டுல ஒத்துக்க மாட்டாக, நான் வரலன்னு ஜப்பானுக்கு அனுப்பிருங்கன்னு சொல்லி மேடத்துகிட்ட நீ ஒரு மெயிலு எழுதிக் குடுத்தியாமே, அத அவுக இன்னும் அனுப்பவே இல்லையாம்.